நித்திரைப் பொம்மை

துறைமுகம் தெரியும் ஆஸ்பத்திரியின் சிறுவர் வாட்டில், சத்திரசிகிச்சைக்குப் போகும் பிள்ளைகளின் பயம் தெளியத் தாதி சிவாஜினி ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். பிள்ளை பொம்மைக்கு மயக்க மாஸ்க் போட்டுப் படுக்கவைக்க வேண்டும். படுத்தால் பொம்மை கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். திரும்பி வந்து அந்தப் பிள்ளையே அதைத் தூக்கி எழுப்ப வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து வந்த சிறுமி பஸ்னா பொம்மையைப் படுக்கவைத்துவிட்டுப் போனாள். உயிரோடு திரும்பவில்லை.

அதன்பிறகு யார் தூக்கி நிமிர்த்தினாலும் பொம்மை கண் திறக்கவில்லை. பழுதாகிவிட்டதென்று சிவாஜினி அதை அலுமாரியில் வைத்துவிட்டாள்.

இறந்த பஸ்னாவுக்காகக் கத்தம் ஓதி முடிந்தபின், வாட்டில் கிடந்த மகளின் செருப்பை எடுத்துப்போக உம்மா றுக்கியா வந்தாள்.

"மிஸ், எண்ட புள்ள விளையாடின பொம்மைய ஒருக்காத் தாங்க."

அவள் வாங்கி மடியில் நிமிர்த்தியதும் பொம்மை கண் திறந்து அவளையே பார்த்தது.

றுக்கியா திடுக்கிடவில்லை. இரண்டு விரல்களால் அந்த இமைகளை மெல்ல மூடிவிட்டாள்.

"நித்திரை கொள்ளுங்க மகள். உம்மா எழுப்பமாட்டன்."