பேர் கூப்பிடும் ஞாயிறு

"உனக்கு யாரு தலை பின்னிவிட்டா?"

தேயிலை ஃபாக்டரியில் வேலை முடிந்து வந்த சதீஷ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா" என்றாள் இந்து. ஏழு வயது.

அவன் பின்னலைத் தூக்கிப் பார்த்தான். ஐந்து கால் பின்னல், நுனியில் ஒரு திருகு. அப்படிப் பின்னுவது அவன் பொண்டாட்டி வனிதா ஒருத்திதான்.

வனிதா செத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போய் இரண்டு நாள் ஆகிறது. கொழுந்து பறிக்கிற இடத்தில் காற்றுக்கு மரக்கொப்பு முறிந்து அவள்மேல் விழுந்துவிட்டது.

"முகத்தைப் பார்த்தியா பாப்பா?"

"எப்பவும் போல சீப்பை எடுத்துட்டு வாசல்ல உக்காந்தேன். பின்கதவு கீச்சுன்னுச்சு. அப்புறம் பின்னாடி வந்து நின்னாங்க. திரும்புனா அம்மா கொட்டுவாங்கல்ல? நான் திரும்பலை."

"ஏதாச்சும் பேசினாளா?"

"இல்லப்பா. கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

சதீஷ் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினான். எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நிலையில் கட்டினான். பிள்ளைக்கு விபூதி பூசினான்.

அவன் ஆறு மணிக்கு வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மறுநாளும் பின்னல் இருந்தது. அதற்கு மறுநாளும். சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் காலடித் தடம் பார்த்தான். சேறு காய்ந்துபோன தடம். பின்கதவில் தொடங்கி வாசல்வரை வந்திருந்தது.

போடியில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டான். "பிள்ளையை வந்து கூட்டிட்டுப் போயிரு தாயி. இங்கயே இருந்தா இதையும் அவ கூட்டிட்டுப் போயிருவா."

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சோலைதான் கேட்டார். "ஏம்ப்பா, வேலைக்கு ஆள் எடுக்குற மஸ்டர் கொட்டகையில இன்னைக்குச் சங்கத்துப் பொம்பளைங்க பேர் கூப்பிடுறாளுகளாமே? செத்தவ பேரையும் விட மாட்டாளுகளாம். உன் பொண்டாட்டியும் அங்கிட்டுத்தானே போயிட்டிருந்தா?"

சதீஷுக்குப் பளிச்சென்று எல்லாம் புரிந்தது. செத்தவளைப் போகவிடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வைத்திருப்பது இவர்கள்தான்! இந்துவையும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, திறந்த கொட்டகைக்குள்ளும் புகுந்துவிட்டது. கரண்ட் இல்லை. நடுவில் ஒரே ஒரு விளக்கு. சுற்றிலும் அறுபது பெண்களாவது இருப்பார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. சங்கத்துக்கு மூத்தவளான சாந்தம்மாள் ஒரு பழைய நோட்டைப் பிரித்தாள்.

"செல்லத்தாயி."

கூப்பிட்டவளே, வேறு யாரோ போல ஒரு சின்னக் குரலில் பதிலும் சொன்னாள். "இருக்கேன்."

பேர்கள் வரிசையாகப் போயின. கடைசியில் அந்தப் பேர் வந்தது.

"வனிதா."

விளக்குத் திரி படபடத்தது. பிறகு பனிக்குள் எங்கிருந்தோ ஒரு குரல்.

"இருக்கேன்."

"நிறுத்துங்க பெரியம்மா!" சதீஷ் கத்தினான். "செத்தவளை நிம்மதியா விட மாட்டீங்களா? எம்பிள்ளையைத் தேடி வீட்டுக்கே வர்றா!"

"உக்காருப்பா. நாங்க கூப்பிட்டா ஆவி வராது, ஆள்தான் வரும்" என்றாள் சாந்தம்மாள். "நாப்பது வருசத்துக்கு முன்னாடி டவுன் ஹாஸ்டல்ல நாங்க பதினோரு பேரு. தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைங்கன்னு எங்களை மட்டும் தனியா உக்கார வச்சுத்தான் சோறு போடுவாங்க. பேர் கூப்பிடும்போது ஒருத்தி இல்லைன்னா பேரை அடிச்சிருவாங்க. அதனால இல்லாதவளுக்கு இன்னொருத்தி குரல் குடுப்போம். லீவுக்கு வந்த செல்லத்தாயி காய்ச்சல்ல செத்துட்டா. நாங்க ஹாஸ்டல்ல சொல்லவே இல்லை. வருசம் பூரா 'இருக்கேன் டீச்சர்'தான். அவ பங்கு ரொட்டி வாராவாரம் அவ தங்கச்சிக்குப் போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தச் சங்கம். பிள்ளை பெத்தவளுக்குக் கஞ்சி, சீக்காளிக்கு ஆஸ்பத்திரித் துணை, தாயில்லாப் பிள்ளைக்குத் தலைவாரல். செத்தவ பேருக்கு யாரு குரல் குடுக்குறாளோ, செத்தவ விட்டுட்டுப் போன வேலையை அவதான் செய்யணும்."

"அப்ப வனிதா பேருக்கு யாரு?"

"அதுக்கும் ஒரு முறை இருக்கு. செல்லத்தாயிகூடக் கடைசியாச் சண்டை போட்டவ நான், ஒரு சீப்புக்காக. அதனால நான் குடுத்தேன். இப்பவும் அப்படித்தான். கடைசியாச் சண்டை போட்டவதான் முன்னால வரணும்."

பனியிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். கீழ் லயத்து நிமி.

இந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இதே கைதான்!"

"இவளா? சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காதவ!"

"எந்த மூஞ்சியை வச்சுட்டுண்ணே வருவேன்?" நிமி தலையைக் குனிந்துகொண்டாள். "கொழுந்து பறிக்கையில எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை. சாப்பாட்டு நேரத்துல எந்தலையிலதான் பின்னிப் பழகுவா. எனக்கும் சொல்லிக் குடுத்தா."

"அப்பிடி என்னடி சண்டை உனக்கு அவகூட?"

நிமி இந்துவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாந்தம்மாள்தான் சொன்னாள்.

"அன்னைக்கு அவ சோத்துத் தூக்கு இல்லாமத்தான் மலையேறினா. பச்சைத் தண்ணி பல்லுல படலை. காலையில இவகிட்ட மட்டும்தான் என்னமோ பேசிட்டிருந்தா. கிறுகிறுன்னு அந்த மரத்தடியில உக்காந்தவ மேலதான் கொப்பு விழுந்துச்சு. 'எங்கூடப் போட்ட சண்டையிலதான் திங்காம வந்தா'ன்னு, காரியம் முடிஞ்ச மறுநாள் இவ எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சுச் சொன்னா. கொலைகாரின்னுகூடத் திட்டினோம். வாங்கிக்கிட்டா."

சதீஷ் நிமியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல், அவிழ்ந்திருந்த இந்துவின் பின்னல் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு விடியக்காலையில் அந்தச் சோத்துத் தூக்கைப் பிடுங்கிச் சுவரில் வீசியடித்த கை யாருடையது என்பது, செத்துப்போனவளைத் தவிரத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.