கறம்பக்குடியில் வாசித்தது

அழிப்பதற்கு முன்னால் அரவிந்த்குமார் அதை ஒருமுறை திட்டிக்கொண்டான்.

கறம்பக்குடிக் கச்சேரி. சுத்தக் குப்பை.

அவனுடைய ராக் குழு கலைந்து இரண்டு வருடம் ஆகிறது. எழுதிவைத்த பாட்டு என்று ஒன்று அவர்களிடம் இருந்ததே இல்லை. மேடையேறிய பிறகு கை போன வழியில் வாசிப்பார்கள். அந்த மேடைப் பதிவுகளை எல்லாம் அனுப்பும்படி சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். திருச்சிக் கச்சேரியைக் கேட்டவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கறம்பக்குடியை யாரும் கேட்டதில்லை. கேட்க விடவும் கூடாது.

விராலிமலைக் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்தான். கண் எரிந்தது. இஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டது கிடாருக்காக. கிடாரையும் பாதியில் விட்டாயிற்று.

அக்கா கலைமதி காப்பியோடு மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கினால் அவளுக்கு விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். "அத ஏன்டா தனியா எடுத்து வச்சிருக்க?"

"குப்பையத் தனியாத்தான் எடுப்பாங்க."

"நீங்க வாசிச்சதுலயே உருப்படி அது ஒண்ணுதான்." விக்கினாள்.

"மொதல்ல தண்ணியக் குடி. ஒண்ணையே திருப்பித் திருப்பி அரை மணி நேரம். கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கு. அதுக்கு வந்துட்டா வக்காலத்து வாங்க."

"திருச்சியில மட்டும் என்னத்தக் கிழிச்சீங்க? ஆளாளுக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு வாசிச்சீங்க. இதுலதான் ஒருத்தன் வாசிக்கிறத இன்னொருத்தன் கேட்டிருக்கீங்க. சிராஜு டிரம்ஸ எப்படி அடக்கி அடிக்கிறான் பாரு."

"நீ பேசாத. நீ வேன்ல தூங்குன ஆளு."

அவள் காப்பியில் படிந்த ஆடையை விரலால் எடுத்தாள். இந்த ஒரு வரியைத்தான் இரண்டு வருடமாக அவள்மேல் எறிந்துகொண்டிருந்தான்.

கறம்பக்குடியில் அன்று கோயில் திருவிழா. சினிமாப் பாட்டு வாசிப்பார்கள் என்று நினைத்துத்தான் ஊர்க்காரர்கள் இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இல்லை என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டது அரவிந்த்குமாரின் திமிர்.

கூட்டம் முதலில் கத்தியது. பிறகு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி வந்தது.

அப்போதுதான் ஒரு பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் ஓடிவந்து ஆடினாள். அம்மன் இறங்கிவிட்டது. தூக்கிய நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். யாரோ அவள்மேல் மஞ்சள் சேலையைச் சுற்றினார்கள்.

சாமி ஆடும்போது வாத்தியம் நிற்கக் கூடாது. வாசித்தால் கையை ஒடிப்போம் என்றவர்களே, நிறுத்தினால் ஒடிப்போம் என்றார்கள்.

மேடை விளக்கில் கண் கூசியது. விரிந்த முடியும் இரண்டு கால்களும்தான் அவனுக்குத் தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்து வாசித்தான். அவை வேகம் எடுத்தால் எடுத்தான். தளர்ந்தால் தளர்ந்தான். எவளோ ஒரு பைத்தியக்காரியின் காலுக்கு அடிமை மாதிரி.

ஒருவழியாக வேனுக்கு வந்தால், கூட வந்திருந்த கலைமதி பின்சீட்டில் சுருண்டு கிடந்தாள். தலை ஈரம். புழுக்கம் தாங்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டாளாம். தம்பி அடிபட்டுச் சாக இருந்த நேரத்தில் குளித்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். அதை அவன் மன்னிக்கவே இல்லை.

"முழுசா ஒரு தடவையாச்சும் கேட்டியாடா?" என்றாள் இப்போது.

கேட்டதில்லை. "முழுசாத் தின்னு பாத்துத்தான் ஊசிப்போச்சுன்னு சொல்லணுமா?"

"அழிச்சுத் தொல." டம்ளரை ஓசையோடு வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

வீம்புக்குக் கடைசிப் பகுதியை ஓடவிட்டான்.

இரண்டே நரம்புகளில் கிடார் அடங்கிக்கொண்டிருந்தது. சிராஜ் டிரம்ஸை அடிக்கவில்லை, தடவிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு மேடையில் ஸ்பீக்கர் சத்தத்தில் அவன் காதில் விழாதது எல்லாம் மைக்கில் விழுந்திருந்தது. பூசாரியின் குரல் கேட்டது. "போதும் தாயே, மலையேறு."

பெண்ணின் குரல் கம்மி, உடைந்து வந்தது. "எம் புள்ளைக மேல ஒரு கை படக் கூடாது. பத்திரமா வண்டி ஏத்தி விடு."

"உத்தரவு தாயே."

பிறகு மூச்சு. இழுத்து இழுத்து. பிறகு ஒரு விக்கல்.

கிடார் நின்றது.

இன்னொரு விக்கல்.

"ஆத்தாளுக்குத் தண்ணி கொண்டாங்கப்பா," என்றார் பூசாரி. குடத்தைத் தலையோடு கவிழ்க்கும் சத்தம். அத்தோடு பதிவு முடிந்தது.

அழிக்கவா என்று கேட்ட கட்டம் லேப்டாப்பில் அப்படியே நின்றது.

கீழே, படிக்கட்டின் அடியில், கலைமதி இன்னும் விக்கிக்கொண்டிருந்தாள்.

அரவிந்த்குமார் எழுந்துபோய் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணியக் குடி" என்று கத்தினான். கோபமாகத்தான் கத்தினான்.