பச்சையம்மாளின் இனம்

மலேசிய அரசாங்கத்துக்காக மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த தேவேந்திரன், கதவைத் திறந்த பச்சையம்மாளின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த டேப்லெட்டில் ‘சீனர்’ என்று தட்டிவிட்டான். பிறகு மலாய் மொழியில் பெயரைக் கேட்டான்.

“தமிழ்லயே கேளு லா தம்பி. அதுக்கு முன்னாடி, இப்ப என்னமோ தட்டினியே, அது என்ன?”

அவன் காட்டினான். பச்சையம்மாளுக்குச் சுருக்கென்றது. பிறந்த மூன்றாம் நாள் அவளை ரப்பர் தோட்டத்துத் தம்பதியிடம் தத்துக் கொடுத்த சீனக் குடும்பம், அந்த முகத்தைத் தவிர வேறெதையும் கொடுத்தனுப்பவில்லை. மற்றதெல்லாம், நாற்பது வருஷமாக எடுக்கிற பால்குடத்திலிருந்து வாய்த்துடுக்கு வரைக்கும், வளர்த்தவர்கள் வீட்டுச் சொத்து.

“மாத்து.”

“பெத்தவங்க இனம்தாம்மா போடணும்.”

“அவங்கள நான் பாத்ததே இல்ல. நீ பாத்தியா?”

தேவேந்திரனும் பார்த்ததில்லை. அதனால் மெல்லக் கிளம்பப் பார்த்தான். பச்சையம்மாள் அவனை முந்திக்கொண்டு போய், கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

‘சீனர்’ போய் ‘இந்தியர்’ வந்தது. உடனே டேப்லெட் ஒரு கட்டத்தைத் திறந்து, மாற்றியதற்குக் காரணம் கேட்டது. தேவேந்திரன் விழித்தான்.

“இதுல முழிக்க என்ன இருக்கு? ‘அந்தம்மா விடல’ன்னு எழுது.”