பிராதுக்காரி

பிரஸ் மெஷினில் விரல் போய் வீட்டில் கிடக்கிற சிநேகிதி மேலேயே கங்கா பிராது எழுதிக் கொடுத்துவிட்டாள். சரோஜாவுக்கு வேலையில் கவனமில்லை, அவளால் லைன் நின்றது என்று.

அன்று ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் கங்கா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சரோஜாவின் அம்மா கிளியம்மாள் கம்பெனி கேட்டுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

ஆபீசர் மூர்த்திக்கு வாயெல்லாம் பல். சரோஜாவை வேலையை விட்டுத் தூக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். உடனே நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்.

டைப் அடித்தவள் எழிலரசி. வீட்டுக்கு முதல் பட்டதாரி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. 'இங்கே விபத்து எதுவும் நடக்கவில்லை, சரோஜா வீட்டில் வெட்டிக்கொண்டாள்' என்று போன வாரம் இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு அடித்ததும் அவள்தான். அதோடு சரோஜாவுக்கு வரவேண்டிய உதவி நின்றது. சாட்சிக்கு ஒருத்தரும் வரவில்லை. அலறலைக் கேட்ட எழிலரசியும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் கங்கா வந்து, நோட்டீஸ் ரெடியா என்று கேட்டாள். எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிராதுன்னா இன்னான்னு தெரியுமாக்கா? அது பாரசீக வார்த்தை. காப்பாத்துங்கன்னு கத்துறதுக்குப் பேரு. அப்படிக் கத்துனவங்களதான் மொதல்ல பிராதுக்காரங்கன்னாங்க. கத்துனது சரோஜாக்கா. நீங்க எப்படிப் பிராதுக்காரி ஆனீங்க?"

கங்கா கோபப்படவில்லை.

"அவ கத்துனது இந்த ஆபீசுல யார் காதுலயும் விழலியேம்மா. அவ மேல எழுதிக் குடுத்தாதானே கைநீட்டி வாங்குறாங்க. இன்னா அடிச்சிக்கீற, படி."

எழிலரசி வேண்டாவெறுப்பாகப் படித்தாள். "தாங்கள் 12-ம் தேதி காலை ஷிப்டில், நமது ஆலையின் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் கவனக்குறைவாக வேலை செய்து விரலை இழந்ததால்..."

போன வாரம் அவளே அடித்தது 'வீட்டில் வெட்டிக்கொண்டாள்' என்று.

"நமது ஆலைன்னு போட்டுக்கீதா?"

"போட்டிருக்குக்கா."

"ஆபீசர் கையெழுத்து? சீலு?"

"ரெண்டும் இருக்கு."

"போதும். சரோஜா அம்மாகிட்ட இத நீயே குடுத்து, இ.எஸ்.ஐ. ஆபீசுல காட்டச் சொல்லு. என் பேர மட்டும் எடுக்காத, கோவத்துல அந்தம்மா கிழிச்சிப் போட்டுடுவாங்க."