படித்துறையில் ஒரு வசனம்

“கதை எழுதச் சொல்லித் தர்றீங்களா, இல்ல காதல் பண்ணச் சொல்லித் தர்றீங்களா?”

படிப்பகத்துக்குள் கால் வைக்காமல் வாசலிலிருந்தே கேட்டார் வீரமலை. ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். குடும்பத்துக்கு மூத்தவர், அவர் கிழித்த கோட்டை அந்த வீட்டில் யாரும் தாண்டியது கிடையாது. பின்னால் அவர் தம்பி ரங்கசாமி, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

சேதுராமன் பெஞ்சில் சிந்தியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க அதே பட்டறையின் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். ஞாயிறானால் இங்கே இளவட்டங்களை உட்கார வைத்துக் கதை எழுதப் பழக்குவார். ரங்கசாமியின் மகள் வள்ளிக்கண்ணுவும் வருகிறாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். பெண் பிள்ளைகளை இந்த வகுப்புக்கு வரவழைக்க அவர் ஏறி இறங்காத வீடில்லை.

விஷயத்தை வீரமலை கொட்டித் தீர்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குச் சாமி கும்பிடப் போயிருக்கிறார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் வள்ளிக்கண்ணு ஒரு பையனோடு நின்று அழுதுகொண்டிருந்தாளாம். ‘நீங்க இல்லேன்னா நான் இல்ல’ என்று அவள் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாராம். பையன் யாரென்று விசாரித்தால், அவனும் இந்த வகுப்புதான். பட்டறையில் அப்ரண்டிஸாக இருக்கும் மாத்ருபூதம்.

“அவ வகுப்புக்குத்தான் போனாள்னு தம்பி சொல்றான். வகுப்பு இங்க நடக்குதா, காவிரிக் கரையில நடக்குதா? இன்னிக்கே அவளை ஜீயபுரம் கூட்டிட்டுப் போறேன். ஆவணி முதல் முகூர்த்தத்துல, கிடைச்ச மாப்பிள்ளைக்குக் கட்டி வச்சிடுவேன். உங்க கதைக் கடையையும் மூட வச்சிடுவேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு இவன்தான் இழுத்துட்டு வந்தான். சொல்லுங்க.”

சேதுராமன் துடைத்த துணியைக் கீழே வைத்தார். ரங்கசாமியைப் பார்த்தார். பட்டறை இரும்பு மாதிரி இருந்தது அந்த முகம். பெண்ணைப் பெற்றவருக்கு எவ்வளவு கோபமோ என்று நினைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“அதுவா? அந்த வசனம் வேண்டாம், மாத்துன்னு அவகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இன்னும் சினிமா மாதிரிதான் பேசுறாளா?”

வீரமலைக்கு ஒன்றும் புரியவில்லை. சேதுராமன் விளக்கினார். பேசிப் பார்க்காத வசனத்தை எழுதக் கூடாது என்பது இந்த வகுப்பின் சட்டம். கூச்சம் போக வேண்டும் என்பதற்காக நாலு பேர் நடமாடும் இடத்தில்தான் பேசிப் பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் மாமியாரும் மருமகளுமாகச் சண்டை போட்டுப் பார்த்தவர்கள்கூட உண்டு. இந்தத் தடவை ‘பிரியப் போகிற இரண்டு பேர்’ என்று கொடுத்திருந்தாராம்.

“அழுகை வந்துச்சா? அதுதான் அவளுக்கு வரவே மாட்டேங்குது.”

“வந்துச்சே. நிஜக் கண்ணீர்,” என்றார் வீரமலை. குரலில் சின்னதாக ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. “அந்தப் பையன்தான் சரியில்ல. ஒருத்தி அழறா, மரம் மாதிரி நிக்கிறான். ஒரு பதில் சொல்ல வேணாமா?”

அதைக் கண்டிப்பாகச் சொல்லித் திருத்துவதாகச் சேதுராமன் ஒப்புக்கொண்டார். வீரமலை உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டியில் சுண்ணாம்பு ஒட்டியதைக்கூடக் கவனிக்காமல், பையன் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வசனங்களை எடுத்துவிட்டார். எல்லாமே சினிமாவைத் தூக்கிச் சாப்பிட்டன. சேதுராமன் பொறுமையாகத் தலையாட்டினார்.

அப்புறம் பேச்சு பையன்மேல் திரும்பியது. எந்த ஊர், என்ன வகை என்று கேட்டார். முசிறிப் பக்கம், நம்ம சனம்தான், தை மாதம் வேலை நிரந்தரமாகிவிடும் என்று அப்போதுதான் வாயைத் திறந்தார் ரங்கசாமி.

வீரமலை மீசையை நீவிக்கொண்டார். “அவ அப்படி அழுதும் தள்ளித்தான் நின்னான். அடக்கமான பையன். தம்பி, அவன் வீட்டுல ஜாதகம் கேட்டுப் பாரேன். சின்னஞ்சிறுசுங்க தானா தேடிக்கிட்டாத்தான் தப்பு. நாமளாப் பார்த்துச் செஞ்சா என்ன?”

வெளியே நின்ற ஜட்கா வண்டியில் போய் ஏறிக்கொண்டார். சேதுராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வள்ளிக்கண்ணு பிழைத்தாள், வகுப்பும் பிழைத்தது. மனசு நிறைந்து நிமிர்ந்தவர், ரங்கசாமி இன்னும் போகாமல் நிற்பதைக் கண்டார். வெள்ளையடித்த சுவரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து படிப்பகத்துச் சாவியை எடுத்தார் ரங்கசாமி.

சேதுராமன் அந்தச் சாவியைப் பார்த்தார். படிப்பகத்துக்குப் பொறுப்பாளர் ரங்கசாமிதான் என்பது அவசரத்தில் அவருக்கு மறந்தே போயிருந்தது.

“மன்னிச்சுக்குங்க. நான் சொன்னது அத்தனையும் பொய். போன ஞாயிறு வகுப்பே நடக்கல.”

“தெரியும் சார். வெள்ளையடிக்கப் பூட்டினதே நான்தானே.” ரங்கசாமியின் கண் கலங்கியிருந்தது. “பெரியப்பா ஒத்துக்க மாட்டாரு, இது நடக்காதுன்னு அந்தப் பையனைப் பார்த்துச் சொல்லிட்டு வந்துடும்மான்னு அவளைப் படித்துறைக்கு அனுப்பினவனும் நான்தான். அண்ணன் வந்து கேட்டதும், அவ வகுப்புக்குப் போனாள்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அதுக்கு மேல எனக்குக் கதை ஓடல. அதான் அண்ணனை உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன்.”