மேல் வரிசைப் பெட்டி

கிடங்கின் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. சரக்கிருப்பை எண்ண வந்த ஆடிட்டர் அம்மா மேல் வரிசையைக் காட்டி, "அதுல ஒண்ணை இறக்குங்க" என்கிறார். அங்கே இருப்பதெல்லாம் காலிப் பெட்டி. இருப்பு கூடினால் கணக்கில் லாபமும் கூடும் என்று மேனேஜர் அடுக்க வைத்தது. "பாத்துப்பா, செம கனம்" என்று அவர் சுமைக்காரனுக்குக் கண்ணைக் காட்டுகிறார். போன மாதம் இவன் தம்பிக்குத் திருட்டுப் பட்டம் கட்டி விரட்டியதும் அதே வாய்தான். சுமைக்காரன் ஏணியில் ஏறுகிறான். முக்கவுமில்லை, முனகவுமில்லை. பெட்டியை ஒற்றை உள்ளங்கையில் தட்டுபோல ஏந்தி, ஆடிட்டர் அம்மா நன்றாகப் பார்க்கும்படி நிதானமாக இறங்குகிறான். மேனேஜரின் முகம் சுண்டுகிறது. அவர் முன்னால் வந்து நின்று, பணிவாகக் கேட்கிறான்: "கனம் தாங்கல சார். ஒரு கை புடிக்கிறீங்களா?"