சும்மா நிற்கும் வண்டி

வடிந்த எண்ணெயைப் பார்த்ததுமே மெக்கானிக் சுகெங்குக்கு அலுப்பாக வந்தது. தார் மாதிரி கறுத்திருந்தது.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு எண்ணெய் மாற்றுவதே ஒரு தண்டனை. வண்டி தரையோடு ஒட்டிக் கிடக்கும். கீழே படுத்து, அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி முடிப்பதற்குள் சுரபயா வெயிலில் முதுகு வெந்துவிடும்.

இத்தனைக்கும் வண்டியின் சொந்தக்காரர் ஹார்ஜோனோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. மற்ற நாளெல்லாம் அது அவருடைய பிஸ்கட் கிடங்கில் சும்மா நிற்கும். நின்று நின்று கெட்டுப்போகாமல் இருக்க, டிரைவர் வர்சித்தோ தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் சூடு பண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சூடு பண்ணியதற்கெல்லாம் எண்ணெய் இப்படிக் கறுக்காது. சுகெங் எழுந்து மீட்டரைப் பார்த்தார்.

"ஏம்ப்பா வர்சித்தோ, கிடங்குல நின்ன வண்டி மூணு மாசத்துல ஆறாயிரம் கிலோமீட்டர் எப்படி ஓடுச்சு? தூக்கத்துல நடந்துச்சா?"

வர்சித்தோ கிராம்பு சிகரெட் பற்றவைக்கப் பார்த்தான். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது.

சுகெங் அடுத்த பக்கக் கதவைத் திறந்தார். தைல வாசம் குப்பென்று அடித்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பூப்போட்ட சால்வை ஒன்று வந்தது. அதில் ஒரு ஹேர்பின்.

"இது யாரோடது?"

"அம்மாவோடதா இருக்கும்ணே."

"எந்த அம்மா? இதுல உட்கார்ந்தா எந்திரிக்க கிரேன் வேணும்னு ஒருநாளும் ஏறாத உங்க முதலாளியம்மாவா?"

வர்சித்தோ பற்றாத சிகரெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"அண்ணே, முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வேலை போச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

"ஊர்ல பொண்டாட்டி முடியாம கிடக்கா. நீ இங்க முதலாளி வண்டியில எவளையோ ஏத்திக்கிட்டு ஊர் சுத்துற. நல்லா இருக்குய்யா நியாயம்!"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் வாடகை மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து ஹார்ஜோனோ இறங்கினார். எண்ணெய் மாற்றிய அன்று வண்டியை அவரே ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

"வர்சித்தோ, முனைக்கடையில எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வா. சக்கரை கம்மியா."

வர்சித்தோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சுகெங் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

இந்த வயதில் அடுத்தவர் பஞ்சாயத்து எதற்கு என்றுதான் தோன்றியது. ஆனால் நாளைக்கு இன்ஜின் மக்கர் பண்ணினால் பழி யார் தலையில் விடியும்? சொல்லிவிட்டார்.

"ஐயா, மனசு கேக்கல. உங்க வண்டியை வர்சித்தோ கண்டபடி ஓட்டுறான். கூட ஒரு பொம்பளை வேற."

சால்வையை நீட்டினார்.

ஹார்ஜோனோ அதை வாங்கித் தூசி தட்டினார். மடித்தார். எடுத்த இடத்திலேயே, சீட்டுக்கு அடியிலேயே திரும்ப வைத்தார்.

"அவன் பொண்டாட்டிதான்யா. பசுருவான்லேர்ந்து வர்றா. செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் பண்ண இங்க பெரியாஸ்பத்திரிக்கு வந்தாகணும். பஸ்ல திரும்பிப் போறப்ப ரெண்டு வாட்டி மயங்கி விழுந்துட்டா. இப்ப இவன் போய்க் கூட்டிட்டு வந்து, கொண்டுபோய் விடுறான்."

சுகெங் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கிடங்கு வாட்ச்மேன் மொத நாளே சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமை நான் இந்தத் தைல வாசத்தோடதான ஓட்டுறேன்? அவன் மாட்டிக்காம போய்ட்டு வரட்டும்னு செவ்வாயும் வெள்ளியும் முட்டிவலின்னு நான் வீட்டை விட்டு நகர்றதே இல்ல. என் முட்டிக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு."

சுகெங்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. எண்ணெயை மாற்றினோமா, வாயை மூடிக்கொண்டு இருந்தோமா என்று இருந்திருக்கலாம்.

"இனிமே எண்ணெயை இன்னும் சீக்கிரமாவே மாத்திடு. இருக்கறதுலயே நல்லதா ஊத்து. அந்தப் பொண்ணை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னுடக் கூடாது. அவன் கேட்டா, சும்மா நிக்கிற வண்டிக்குத்தான் எண்ணெய் சீக்கிரம் கெடும்னு என்கிட்ட சொல்லிச் சமாளிச்சுட்டதா கதை விடு."

"எதுக்குங்கய்யா இந்தச் சுத்துவழி? எடுத்துட்டுப் போடான்னு நேராவே சொல்லிடலாமே. பாவம், பயந்து சாகுறான்."

தெருமுனையில் வர்சித்தோ தெரிந்தான். காபி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஹார்ஜோனோ குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லாம இருப்பேனா? எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு. பஸ்ஸே போதும் முதலாளின்னு ஒரே பிடிவாதம். கொடுத்தா வாங்க மாட்டான்யா அவன். திருடியாவது எடுத்துக்கட்டும்."